வீட்டு ஒயரில் ஒரு ஹாம் ஆன்டெனா: கட்டுவதும் சோதிப்பதும்

அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் ரேடியோ, இயக்குவதற்கான ஏ.எஸ்.ஓ.சி. தேர்வு எழுதி, வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கைக்கு வந்ததும் பலரும் சேர்த்து வைத்த பணம் முழுவதையும் ரேடியோவில் போட்டுவிடுகிறார்கள். ஆன்டெனாவுக்கு வரும்போது பர்ஸ் காலி. அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. ஹாம் ரேடியோவில் வீட்டிலேயே செய்து, கடைச் சரக்குக்கு இணையாக, சில சமயம் அதைவிட நன்றாகவே வேலை செய்ய வைக்கக்கூடிய பொருள் ஆன்டெனாதான். எலக்ட்ரிக்கல் கடை ஒயர், கொஞ்சம் பி.வி.சி. குழாய், கயிறு, கேபிள் இருந்தால் போதும்.

கட்டுவது பாதி வேலைதான். கட்டியது உருப்படியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்வது மறுபாதி. இங்கேதான் புதியவர்கள் மீட்டரில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கீழே இறங்கிவிடுகிறார்கள். ஆன்டெனாவிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நாம் கொடுக்கும் சக்தியை அது வாங்கிக்கொள்கிறதா? வாங்கியதை வெளியே அனுப்புகிறதா? அனுப்புவதை எந்தப் பக்கம் அனுப்புகிறது? ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியை வைத்து எண் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் எல்லோர் கையிலும் இருக்கும்; அது முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

எடுத்துக்காட்டாக 40 மீட்டர் பட்டைக்கான டைபோல் ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம். இந்தியாவில் அந்தப் பட்டை 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. காலை நேரத்தில் அங்கே காது வைத்தால் தென்னிந்திய ஹாம்கள் பேசுவது கேட்கும். உரிமம் வாங்கியவர் முதலில் போய் நிற்க ஏற்ற இடம்.

ஏன் அந்த நீளம்?

அலைநீளம் கண்டுபிடிப்பது சுலபம். 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டரில் விடை வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 42 மீட்டரும் கொஞ்சமும். டைபோல் என்பது இதில் பாதி நீளமுள்ள கம்பி. நடுவில் வெட்டி, அந்த இடத்தில் கேபிளை இணைக்கிறோம். அவ்வளவுதான் ஆன்டெனா.

பாதி நீளம் ஏன்? தெருவில் இரண்டு பிள்ளைகள் ஸ்கிப்பிங் கயிறு சுற்றுவதைப் பாருங்கள். பிடித்திருக்கும் முனைகள் ஏறக்குறைய அசையாமல் இருக்கும். நடுப்பகுதி மட்டும் பெரிதாக எழுந்து இறங்கும். சரியான வேகத்தில் சுற்றினால் கை வலிக்காமல் கயிறு தானே ஓடும். வேகம் தப்பினால் கயிறு முரண்டு பிடிக்கும். அரை அலைக் கம்பியில் மின்னோட்டம் இருப்பதும் இதே வடிவத்தில்தான். முனையைத் தாண்டி மின்னோட்டம் போக வழியில்லை, அதனால் அங்கே பூஜ்யம். நடுவில் உச்சம். கம்பியின் நீளத்துக்கு ஏற்ற அதிர்வெண்ணில் ஊட்டும்போது கம்பி முரண்டு பிடிப்பதில்லை. இதைத்தான் ஒத்திசைவு என்கிறோம். அந்த நிலையில், சுற்றிலும் எதுவும் இல்லாத வெளியில், டைபோலின் நடுப்புள்ளி கேபிளுக்கு வெறும் 73 ஓம் மின்தடை போலத் தெரியும்.

42-இல் பாதி 21 மீட்டர். ஆனால் கட்டிப் பார்த்தால் 21 மீட்டர் கொஞ்சம் அதிகம். கம்பிக்குத் தடிமன் இருக்கிறது, முனைகளில் மின்தேக்கம் சேர்கிறது, இவையெல்லாம் கம்பியை இருப்பதைவிட நீளமாகக் காட்டும். அதனால் ஹாம்கள் 150-க்குப் பதில் 143 என்ற எண்ணை வைத்துக்கொள்கிறார்கள். 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20.14 மீட்டர். ஒரு பக்கத்துக்குப் பத்து மீட்டர் சொச்சம்.

இந்த 143-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பி.வி.சி. உறை போட்ட ஒயர் வெறும் செம்புக் கம்பியைவிட இரண்டு மூன்று சதவீதம் வரை குட்டையாக இருக்க வேண்டிவரும். தரை எவ்வளவு பக்கம், அருகே தகரக் கூரை உண்டா, கைப்பிடிச் சுவருக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறதா என்பதெல்லாம் கணக்கை நகர்த்தும். எனவே நீளமாக வெட்டி, கட்டி, அளந்து, பிறகு குறைப்பதுதான் வழி. வெட்டியதை ஒட்டவைப்பது தொல்லை.

30-க்கு 40 மனையில் இடம் இருக்கிறதா?

இருபது மீட்டர் கம்பியை நேராக இழுத்துக் கட்ட நகரத்தில் யாருக்கு இடம் இருக்கிறது? இருக்காது. அதற்காக 40 மீட்டர் பட்டையைக் கைவிடவும் வேண்டாம். கம்பியின் நடுவை உயர்த்தி இரு முனைகளையும் கீழ்நோக்கிச் சரித்தால் கவிழ்த்த வி வடிவம் கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. மொட்டை மாடி தரையிலிருந்து நான்கு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. குழாய் 20 அடி நீளத்தில் வரும், அதாவது ஆறு மீட்டர். அதை மாடியின் நடுவில் நட்டால் உச்சி பத்து மீட்டரில் நிற்கும். முனைகளைத் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் ஒவ்வொரு கையும் பக்கவாட்டில் ஏழு மீட்டர் சொச்சம் எடுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து பதினாலரைக்குள் அடங்கிவிடும். 30-க்கு 40 அடி மனையின் மூலைவிட்டம் 50 அடி, அதாவது 15 மீட்டருக்குச் சற்று மேல். மூலைக்கு மூலை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் முடிந்துவிடும்.

இரு கைகளுக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே மடக்கினால் இரண்டு கைகளும் ஒன்றையொன்று கெடுக்க ஆரம்பிக்கும். மேலே சொன்ன கணக்கில் கோணம் ஏறக்குறைய 90-தான் வருகிறது. இன்னொரு லாபமும் உண்டு: கைகளைச் சரிக்கும்போது நடுப்புள்ளியின் மின்தடை 73-இலிருந்து இறங்கி 50 ஓமுக்கு அருகே வரும். ரேடியோவும் கேபிளும் எதிர்பார்ப்பது அந்த 50-தான்.

முனைகளை மூன்று மீட்டருக்குக் கீழே கொண்டுவர வேண்டாம். மின்னோட்டம் முனையில் பூஜ்யம் என்றால் மின்னழுத்தம் அங்கே உச்சம் என்று பொருள். 100 வாட் அனுப்பும்போது யாராவது முனையைத் தொட்டால் தோல் பொசுங்கும். கீழே நடமாடுகிறவர்களுக்கும் துணி காயப்போட மாடிக்கு வருகிறவர்களுக்கும் அது வெறும் ஒயர்.

கட்டுதல்

ஒயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழை ஒயர் போதும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் அதே சுருள்தான். 90 மீட்டர் சுருள் ஒன்றில் இப்படி நான்கு டைபோல் செய்யலாம். செம்பு இளகிய உலோகம். இழுத்துக் கட்டிய சில மாதங்களில் கொஞ்சம் நீண்டு, ஒத்திசைவு கீழே இறங்கியிருப்பதைக் காண்பீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, மறுபடி அளந்து குறைத்தால் சரியாகிவிடும்.

ஒரு கைக்கு 10.3 மீட்டராக இரண்டு துண்டு, முடிச்சுக்கும் மடிப்புக்கும் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். நடுவில் இரண்டையும் பிரித்துப் பிடிக்க ஓர் இன்சுலேட்டர் வேண்டும். கனமான பி.வி.சி. குழாயிலிருந்து ஒரு சாண் அளவு துண்டு வெட்டி, வெந்நீரில் இளக்கித் தட்டையாக்கித் துளை போட்டால் அதுவே போதும். இழுவை முழுவதும் துளை வழியாகப் போகும் ஒயர் மடிப்பில் இருக்க வேண்டும், சால்டர் வைத்த இடத்தில் இருக்கக் கூடாது. காற்றில் ஆடும் கம்பி சால்டரில் தொங்கினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஒயரைத் துளையில் இரண்டு முறை நுழைத்து முறுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் வாலைத் தளர்வாக விட்டு அதில் கேபிளைச் சால்டர் செய்யுங்கள்.

கேபிளின் நடுக் கம்பி ஒரு கைக்கு, மேல் பின்னல் மறு கைக்கு. கேபிளை வெட்டித் திறந்த முனை மேல்நோக்கிப் பார்த்தால் மழைநீர் பின்னல் வழியாக உள்ளே இறங்கும். விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல மீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். எனவே திறந்த முனை கீழே பார்க்கும்படி வளைத்து, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். ஆன்டெனா கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குக் கெட்டுப்போனது கேபிள்தான்.

எந்தக் கேபிள்? ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய 50 ஓம் கேபிள் இந்த அதிர்வெண்ணுக்குப் போதும். 20 மீட்டர் நீளத்தில் சக்தியில் ஆறில் ஒரு பங்கு போல வெப்பமாகப் போகும், பரவாயில்லை. கேபிள் டி.வி.க்குப் போடும் 75 ஓம் ஆர்.ஜி.-6 வீட்டில் கிடந்தால் அதையும் பயன்படுத்தலாம். நேராகக் கட்டிய டைபோலின் 73 ஓமுக்கு அது பொருந்தியே போகும், இழப்பும் குறைவு. ஒரே தொல்லை, அதன் பின்னல் பெரும்பாலும் அலுமினியம். சால்டர் ஒட்டாது. திருகு வைத்து இறுக்கும் டெர்மினலோ கிரிம்ப் கனெக்டரோதான் வழி.

கம்பத்தைத் தூக்குவதற்கு முன் மேலே பாருங்கள். மின்வாரியக் கம்பி எங்கே போகிறது? உங்கள் கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும், ஆன்டெனா கம்பி எங்கே அறுந்து பறந்தாலும், மின் கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் ஆன்டெனா வேண்டாம். அப்புறம் இடி. சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசி மழையிலும் வானம் இருட்டும்போது கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுவது பழக்கமாக வேண்டும். மின்னல் வெட்ட ஆரம்பித்த பிறகு கேபிளைத் தொடப் போக வேண்டாம்.

முதல் கேள்வி: வாங்கிக்கொள்கிறதா?

எஸ்.டபிள்யூ.ஆர். என்பது ஒரு விகிதம். நாம் அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதை அதை வைத்துக் கணக்கிடலாம். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது. 2 என்றால் 11, 3 என்றால் 25. இந்த எண்களைக் கொஞ்சம் மனதில் நிறுத்துங்கள். 1.5-ஐ 1.1 ஆக்குவதற்காக நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. அந்த 4 சதவீதத்தை மிச்சம் பிடித்து மறுமுனையில் கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ரேடியோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சக்தியைக் குறைக்க ஆரம்பிப்பது பெரும்பாலும் 2-ஐத் தாண்டிய பிறகுதான். அதற்குள் இருந்தால் விட்டுவிடலாம்.

அளக்க இரண்டு வழி. ரேடியோவுக்கும் கேபிளுக்கும் நடுவே எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை வைத்து, குறைந்த சக்தியில் அனுப்பிப் பார்ப்பது பழைய வழி. அதற்கு உரிமம் வேண்டும், பட்டைக்கு வெளியே அளக்கவும் முடியாது. இப்போது பலர் கையில் இருப்பது நானோ வி.என்.ஏ. ஜப்பானியர் ஒருவர் வடிவமைத்த சின்னக் கருவி. பின்பு சீனத் தயாரிப்பாளர்கள் அள்ளிக் குவித்ததால் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்தில் மட்டும் பார்க்க முடிந்த அளவீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போகலாம். என்னைக் கேட்டால், இரண்டாவது ரேடியோ வாங்கும் முன் இதை வாங்குங்கள் என்பேன்.

கருவியை இயக்கி, 6.5-இலிருந்து 7.7 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கச் சொல்லுங்கள். கூடவே வரும் மூன்று குட்டிக் கனெக்டர்களை வரிசையாக மாட்டி அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்: ஒன்று திறந்த முனை, ஒன்று குறுக்கிணைப்பு, ஒன்று 50 ஓம். எல்லையை மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்தால் அளவு நம்பகமாக இருக்கும். கேபிளை மாட்டும் முன் அதன் நடுக் கம்பியையும் பின்னலையும் ஒருமுறை தொடவைத்து எடுங்கள். வறண்ட காற்றில் நீளக் கம்பியில் சேரும் நிலைமின்சாரம் கருவியைக் கொன்றுவிடும்.

திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடி, ஓரிடத்தில் பள்ளமாக இறங்கி மறுபடி ஏறும். பள்ளத்தின் அடிதான் உங்கள் ஆன்டெனாவின் ஒத்திசைவு. பள்ளம் 6.85 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது, அங்கே எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டிய 7.1-இல் 2.5 போலக் காட்டும். அதற்காக ஆன்டெனா மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். நீளமாக வெட்டினோம், அதனால் கீழே ஒத்திசைகிறது, அவ்வளவுதான். நீளமும் அதிர்வெண்ணும் எதிர் விகிதத்தில் போகும். இப்போதைய நீளம் 20.6. அதை 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 19.88. குறைக்க வேண்டியது மொத்தம் 72 சென்டிமீட்டர், ஒரு பக்கத்துக்கு 36.

உடனே கட்டிங் பிளேயரை எடுக்க வேண்டாம். முனையிலிருந்து 36 சென்டிமீட்டரைப் பின்னால் மடித்து, அதே ஒயர் மேல் நெருக்கமாகச் சுற்றி வையுங்கள். மடித்த பகுதி மின்னோட்டக் கணக்கில் பெரும்பாலும் காணாமல் போய்விடும். மறுபடி தூக்கி, மறுபடி அளந்து, பள்ளம் 7.1-க்கு வந்திருந்தால் அப்படியே விடலாம். கம்பி நீண்டுபோகும் நாளில் சரிசெய்ய அந்த மடிப்பு உதவும். இந்தப் பட்டைக்கு ஒரு டைபோலின் பள்ளம் போதிய அகலமாகவே இருக்கும். நடுவில் சரிசெய்தால் 7.0-இலும் 7.2-இலும் 2-க்குள் நிற்கும்.

பள்ளம் மேலே போய்விட்டால், அதாவது 7.4-இல் இருந்தால், கம்பி குட்டை. ஒயரைச் சேர்த்துச் சால்டர் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பள்ளமே தெரியாமல் கோடு தட்டையாக மேலே ஓடினால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. பெரும்பாலும் கனெக்டருக்குள்ளே.

மீட்டர் சொல்லாமல் விடுவது

இப்போது எஸ்.டபிள்யூ.ஆர். 1.3. சரி, ஆன்டெனா நல்ல ஆன்டெனாவா?

ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடை, அதாவது வெறும் மின்தடையை, மாட்டினால் மீட்டர் 1.0 என்று காட்டும். கொடுத்த சக்தி முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும், வாங்கி வெப்பமாக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். கணக்கில் அதைவிடச் சிறந்த ‘ஆன்டெனா’ கிடையாது; அதை வைத்து அடுத்த தெருவுக்குக்கூடப் பேச முடியாது. வாங்கிக்கொள்வது வேறு, அனுப்புவது வேறு.

இன்னொரு ஏமாற்று கேபிளுக்குள் இருக்கிறது. இரண்டு மீட்டர் பட்டையில், 145 மெகாஹெர்ட்ஸில், ஆர்.ஜி.-58 கேபிள் சக்தியை விழுங்கும்: 20 மீட்டர் நீளத்தில் பாதிக்கு மேல் ஆன்டெனாவைச் சேராது. திரும்பி வரும் பங்கும் அதே கேபிளில் மறுபடி பாதிக்கு மேல் இழக்கும். விளைவு என்ன தெரியுமா? மேலே ஆன்டெனாவே இல்லாமல் கேபிளின் முனை வெறுமனே தொங்கினாலும், கீழே மீட்டர் 2.3 போலத்தான் காட்டும். கேபிள் மோசமாக மோசமாக எஸ்.டபிள்யூ.ஆர். அழகாகிக்கொண்டே போகும். சில வருடமான கேபிளில் திடீரென்று எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாகிவிட்டால் மகிழ்ச்சி அடையாமல், தண்ணீர் இறங்கிவிட்டதா என்று பாருங்கள்.

மூன்றாவது, கேபிளே ஆன்டெனாவாகிவிடுவது. டைபோலின் இரண்டு கைகளும் சமம். கேபிளோ அப்படி இல்லை. பின்னலின் வெளிப்பரப்பு மூன்றாவது கைபோல அங்கே காத்திருக்கிறது. மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த வழியாக வழிந்து, சுவரோரமாக வீட்டுக்குள் இறங்கி வரும். அனுப்பும்போது மைக்கைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கும், கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் உங்கள் குரல் கரகரக்கும். கேட்கும்போது வீட்டிலுள்ள எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாவற்றின் இரைச்சலையும் கேபிள் சேகரித்துக்கொண்டு வரும்.

இதைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம். நானோ வி.என்.ஏ. திரையைப் பார்த்துக்கொண்டே கேபிளை உள்ளங்கையால் இறுகப் பிடியுங்கள், கையை மேலும் கீழும் நகர்த்துங்கள். பள்ளம் அசையாமல் நின்றால் நல்லது. கைக்கு ஏற்றபடி நகர்ந்தால் கேபிளும் ஆன்டெனாவின் ஒரு பகுதி என்று அர்த்தம்.

அதற்கு மருந்து பாலன், குறிப்பாகச் சோக் பாலன். நான்கு அங்குல பி.வி.சி. குழாயின் மேல் கேபிளையே 15 சுற்று பக்கம் பக்கமாகச் சுற்றி, ஆன்டெனாவின் நடுப்புள்ளிக்கு அருகிலேயே தொங்கவிடுங்கள். ஐந்தரை மீட்டர் கேபிள் செலவாகும். பின்னலின் வெளிப்பரப்பில் ஓட நினைக்கும் மின்னோட்டத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸில் ஆயிரம் ஓம் அளவுக்கு இந்தச் சுருள் தடையாக நிற்கும். கேபிளுக்கு உள்ளே போகும் சமிக்ஞைக்கு இப்படி ஒரு சுருள் இருப்பதே தெரியாது. ஃபெரைட் வளையம் கிடைத்தால் அதன் மேல் பத்துப் பன்னிரண்டு சுற்று போட்டு இன்னும் கச்சிதமாக முடிக்கலாம். பல கட்டுரைகளில் இதை ‘விருப்பமிருந்தால்’ என்று எழுதுகிறார்கள். நகரத்தில் இருப்பவருக்கு இது கட்டாயம் என்பேன், இரைச்சல் குறையும் ஒரு காரணத்துக்காகவே.

இரண்டாவதும் மூன்றாவதும்

வெளியே போகிறதா, எங்கே போகிறது? இதற்கு மாடியில் நின்று பதில் தேட முடியாது.

முதலில் கேட்டுப் பாருங்கள். சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் முள் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட, இரைச்சலுக்கு மேல் குரல் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். இரைச்சலையும் சேர்த்து வாங்கும் ஆன்டெனாவில் முள் நன்றாகவே ஏறும். ஏற்கெனவே ஓர் ஆன்டெனா இருந்தால் இரண்டையும் ஒரு சுவிட்சில் மாட்டி, ஒரே நிலையத்தைச் சில நொடிக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கேளுங்கள். நேற்று அது இப்படி இருந்தது, இன்று இது இப்படி என்று ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அயனி மண்டலம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது.

அனுப்பிப் பார்க்க இன்று அருமையான வழி ஒன்று உண்டு. டபிள்யூ.எஸ்.பி.ஆர். என்ற முறையை 2008-இல் வெளியிட்டவர் கே1ஜேடி என்ற அழைப்புக்குறி கொண்ட ஜோ டெய்லர். இரட்டை விண்மீன் பல்சரைக் கண்டுபிடித்ததற்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே டெய்லர்தான். உங்கள் அழைப்புக்குறி, இருப்பிடக் கட்டம், சக்தி ஆகிய மூன்றையும் மட்டும் ஏறக்குறைய இரண்டு நிமிடம் மெதுவாக அனுப்புகிறது. காதுக்குக் கேட்கவே கேட்காத அளவு பலவீனமான சமிக்ஞையையும் மறுமுனைக் கம்ப்யூட்டர் பிரித்தெடுத்து இணையத்தில் ஏற்றிவிடும். ஒரு வாட் சக்தியில் ஒரு நாள் ஓடவிட்டால், யார் யார் கேட்டார்கள், எத்தனை டெசிபல் என்று உலக வரைபடத்தில் விழும். கம்ப்யூட்டர் வழியாகக் குறுஞ்செய்தி பரிமாறும் எஃப்.டி.8 முறையைப் பயன்படுத்துகிறவர்கள் பி.எஸ்.கே. ரிப்போர்ட்டர் இணையதளத்தில் இதேபோலப் பார்க்கலாம். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோடு நின்றுவிட்டவர்கள் இந்த வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

பார்க்கும்போது ஒரு விஷயம் புரியும். பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் 40 மீட்டர் டைபோல் அலைநீளத்தில் கால் பங்குகூட உயரமில்லை. அது சக்தியின் பெரும்பங்கை நேரே தலைக்கு மேல் அனுப்பும். புத்தகங்களைப் படித்துவிட்டு இதைக் குறை என்று எண்ணுகிறவர்கள் அதிகம். தூர தேசம் பேச வேண்டுமானால் குறைதான். சென்னையிலிருந்து மதுரைக்கும் பெங்களூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் பேச வேண்டுமானால் இதுவே வரம்: மேலே போகும் அலை முந்நூறு கிலோமீட்டர் உயரத்து அயனி மண்டலத்தில் பட்டு, குடைபோலச் சுற்றுவட்டாரம் முழுவதும் இறங்கும். நடுவில் மலை இருந்தாலும் தடையில்லை.

நம் பகுதிக்கு இதில் ஒரு தனிச் சலுகையும் உண்டு. பூமியின் காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவ திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் கோட்டுக்கு மேலிருக்கும் அயனி மண்டலத்தை ஆராயத்தான். இங்கே பகல் நேரத்தில் அயனி அடர்த்தி பெரும்பாலும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையை நேர்மேலிருந்தும் திருப்பி அனுப்பும் அளவுக்கு இருக்கும். பின்னிரவில் அடர்த்தி குறையும்போது நேரே மேலே போன அலை திரும்பாமல் விண்வெளிக்குப் போய்விடும்; பக்கத்து ஊர் மறைந்து, தொலைதூர நிலையம் மட்டும் கேட்கும். விடியற்காலை நான்கு மணிக்கு வேலூர் நண்பர் கேட்கவில்லை என்று கம்பத்தை இறக்க வேண்டாம். எட்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டுப் பாருங்கள்.

மாடியே இல்லாதவருக்கு

அடுக்குமாடியில் இருப்பவர் 145 மெகாஹெர்ட்ஸுக்கான கால் அலை ஆன்டெனாவோடு தொடங்கலாம். அரை மணி நேர வேலை. கேபிளை மாட்டும் எஸ்.ஓ.-239 சாக்கெட் ஒன்று, தடித்த செம்புக் கம்பியில் 49 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஐந்து துண்டு. ஒன்றை நடு ஊசியில் நிமிர்த்திச் சால்டர் செய்து, மற்ற நான்கையும் சாக்கெட்டின் நான்கு திருகுத் துளைகளில் மாட்டி, 45 பாகை கீழே வளைத்துவிட்டால் மின்தடை 50 ஓமை ஒட்டி வரும். கிடையாக விட்டால் அதைவிட வெகுவாகக் கீழே போகும். அளப்பதும் குறைப்பதும் மேலே சொன்னபடியே, ஆனால் இங்கே ஐந்து மில்லிமீட்டர்கூடத் திரையில் தெரியும். பால்கனி கம்பியிலிருந்து தள்ளி வையுங்கள், கேபிளைக் குட்டையாக வையுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது அங்குள்ள ஹாம் நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தால் இந்த ஐந்து கம்பியில் தெளிவாகக் கேட்கும். ஆன்டெனாவைச் சோதிக்க அதைவிட நல்ல தூரத்து நிலையம் கிடையாது. நடுவில் மறைக்க எதுவுமே இல்லை.

40 மீட்டர் டைபோல் கட்டியவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. நானோ வி.என்.ஏ. எல்லையை 5-இலிருந்து 25 மெகாஹெர்ட்ஸ் வரை விரித்து மறுபடி அளவுத்திருத்தம் செய்து பாருங்கள். 14-இல் பள்ளமே இருக்காது. அங்கே கம்பி முழு அலை நீளமாகிவிடுகிறது, நடுப்புள்ளியில் மின்னோட்டம் இல்லாததால் மின்தடை ஆயிரக்கணக்கான ஓமுக்கு ஏறிவிடும். ஆனால் 21-ஐத் தாண்டியதும் இன்னொரு பள்ளம் தெரியும். மூன்று அரை அலைகள் அதே கம்பியில் அடங்குகின்றன. சரியாக மூன்று மடங்கில் வராமல் சற்று மேலே தள்ளித்தான் வரும், மின்தடையைப் பொருத்திக்கொடுக்கும் ட்யூனர் ரேடியோவிலேயே இருந்தால் சமாளித்துவிடலாம். 15 மீட்டர் பட்டை பகலில் திறந்திருக்கும் நாட்களில் அது வழியாக ஐரோப்பாவைக் கூப்பிட்டுப் பாருங்கள்.